நேரில் பார்க்காமல் கிளாசிக் கார் வாங்கி வரவழைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொலைவில் இருக்கும் பழைய கார் ஒன்றை வாங்கி, லாரியிலோ கப்பலிலோ ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவர நினைப்பவர்களுக்காக இந்தப் பக்கம். இந்த வேலையில் பணம் தொலைவதும் கார் கெடுவதும் பெரும்பாலும் கைமாறும் இடங்களில்தான். விற்பவரிடமிருந்து லாரிக்காரரிடம், லாரிக்காரரிடமிருந்து துறைமுகக் கிடங்குக்கு, அங்கிருந்து கப்பலுக்கு என்று கார் ஐந்தாறு கை மாறும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் உங்கள் சார்பில் யாராவது பார்த்து, எழுதி, படமெடுத்து வைத்திருந்தால் பாதி ஆபத்து குறைந்துவிடும். கீழே வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

நேரில் போய்ப் பார்க்காமல் பழைய கார் வாங்கலாமா?

வாங்கலாம். பல நாடுகளின் சேகரிப்பாளர்கள் அப்படித்தான் வாங்குகிறார்கள். ஆனால் ஐம்பது ஆண்டு பழைய கார் விஷயத்தில் ஒன்றை மறக்கக் கூடாது. ஒரே ஆண்டில், ஒரே தொழிற்சாலையில் செய்த இரண்டு கார்கள் இன்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நிலையில் இருக்கும். ஒன்று உலர்ந்த பகுதியில் கூரைக்கடியில் நின்றிருக்கும். மற்றொன்று பனிக்காலச் சாலைகளில் தூவும் உப்பில் ஆண்டுக்கணக்கில் ஊறியிருக்கும். படத்தில் இரண்டும் ஒரே மாதிரி பளபளக்கும்.

போக முடிந்தால் போய்ப் பாருங்கள் என்றுதான் எப்போதும் சொல்வேன். முடியாதென்றால், உங்கள் பணத்தில், உங்களுக்கு மட்டும் பதில் சொல்லும் ஒருவரை அனுப்புங்கள். இரண்டுமே முடியாதென்றால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். இன்னொன்று கிடைக்கும்.

விளம்பரம் உண்மையா, மோசடியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மோசடிக்காரர்கள் சொல்லும் கதை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுதான். விலை சந்தை மதிப்பில் பாதி இருக்கும். விற்பவர் வேலை நிமித்தம் வெளிநாட்டில் இருப்பார், அல்லது இறந்துபோன உறவினரின் காரை விற்பதாகச் சொல்வார். கார் ஏற்கெனவே ஒரு 'போக்குவரத்து நிறுவனத்தின்' கிடங்கில் இருக்கும். பணத்தை அந்த நிறுவனமே பிடித்து வைத்திருக்கும், கார் வந்து சேர்ந்து பிடிக்காவிட்டால் சில நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துவிடும் என்பார்கள். அந்த நிறுவனமே போலி. அதன் இணையதளம், ரசீது, கண்காணிப்பு எண் எல்லாம் அந்த ஒரே கும்பல் தயாரித்தவை.

சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு தாளில் உங்கள் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதி, ஓட்டுநர் இருக்கையில் வைத்து, கதவைத் திறந்த நிலையில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிறகு வீடியோ அழைப்பில் காரைச் சுற்றி நடந்து, பானெட்டைத் திறந்து, சேசிஸ் எண்ணை விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். விளம்பரப் படங்களை இணையத்தில் படத் தேடலில் போட்டுப் பாருங்கள். பல ஆண்டுகளுக்கு முன்பு வேறு ஊரில் விற்றுப்போன காரின் படங்களாக அவை இருக்கக்கூடும். காரைக் கையில் வைத்திருக்கும் மனிதர் கொஞ்சம் சலித்துக்கொண்டாலும் இதையெல்லாம் செய்துவிடுவார். கார் இல்லாதவரிடம் காரணங்கள் மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

சேசிஸ் எண்ணைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. இன்று நாம் பார்க்கும் 17 எழுத்து, எண் கொண்ட வாகன அடையாள எண் அமெரிக்காவில் 1981ஆம் ஆண்டு மாடல்களிலிருந்துதான் கட்டாயமானது. அதற்கு முந்தைய கார்களில் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி எண் கொடுத்தது. எனவே பழைய காரின் எண்ணைப் பொதுவான இணையச் சோதனைப் பக்கத்தில் போட்டுவிட்டு, எதுவும் வரவில்லை, அதனால் போலி என்று முடிவு கட்டக் கூடாது. அந்த நிறுவனத்தின், அந்த ஆண்டின் முறை தெரிந்திருக்க வேண்டும்.

ஓர் உதாரணம் பாருங்கள். 1965ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஒன்றின் எண் 5எஃப்08கே என்று தொடங்கினால், 5 என்பது ஆண்டு, எஃப் என்பது டியர்பார்ன் தொழிற்சாலை, 08 என்பது திறந்த கூரை வகை, கே என்பது அதிகத் திறன் கொண்ட 289 கன அங்குல என்ஜின். அந்த ஒரே ஓர் எழுத்தால் காரின் மதிப்பு பெரிய அளவில் ஏறும். அதனாலேயே சாதாரண என்ஜினுடன் பிறந்த கார்களில் அந்த எழுத்தை மாற்றி அடிக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். கதவில் இருக்கும் தகட்டை மட்டும் நம்ப வேண்டாம். அதைக் கழற்றி மாட்ட இரண்டு ரிவெட் போதும். என்ஜின் அறைக்குள், உள் மட்கார்டுத் தகட்டிலேயே பொறித்த எண்ணைப் பார்க்க வேண்டும். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்கின்றனவா, சுற்றியுள்ள தகட்டில் அரைத்த தடமோ வெல்டிங் கோடோ தெரிகிறதா என்று பக்கவாட்டில் விளக்கைப் பிடித்து எடுத்த படத்தைக் கேளுங்கள். நேராக ஒளி விழும் படத்தில் அரைத்த தடம் மறைந்துவிடும்.

சேசிஸில் உள்ள எண்ணும் பதிவுச் சான்றில் உள்ள எண்ணும் ஓர் எழுத்து வித்தியாசப்பட்டாலும், அதை விற்பவர் தன் ஊரிலேயே, தன் செலவில் சரிசெய்யும்வரை பணம் அனுப்பாதீர்கள். எழுத்துப் பிழைதான் என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சுங்க அதிகாரிக்கு அது வேறு வாகனம்.

தொழிற்சாலையில் பிறந்தபடியேதான் கார் இருக்கிறது என்பதை யார் உறுதி செய்வார்கள்?

சில நிறுவனங்களின் பழைய உற்பத்திப் பதிவேடுகள் பத்திரமாக இருக்கின்றன. எம்.ஜி., ஆஸ்டின், மோரிஸ், ட்ரையம்ப் போன்ற பல பிரிட்டிஷ் கார்களுக்கு இங்கிலாந்தின் கேடன் என்ற ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் பாரம்பரியச் சான்றிதழ் தருகிறது. ஜாகுவாருக்கு அதன் பாரம்பரிய அறக்கட்டளை இருக்கிறது. 1967 முதலான அமெரிக்க ஃபோர்டு கார்களுக்கு மார்ட்டி அறிக்கை கிடைக்கும். எந்தத் தேதியில் செய்தார்கள், என்ன நிறம், எந்த என்ஜின், முதலில் எங்கே அனுப்பினார்கள் என்பதெல்லாம் இவற்றில் இருக்கும். விற்பவர் காட்டும் சான்றிதழைவிட நீங்களே எழுதி வாங்குவது நல்லது.

என்ஜின் மாற்றப்பட்டிருந்தால் வாங்கக் கூடாதா?

ஓட்டி மகிழ்வதற்கு வாங்குகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்கலாம், விலை அதற்கேற்பக் குறைந்திருந்தால். முதலில் பொருத்திய என்ஜின் என்று சொல்லி அந்த விலையையும் கேட்டால்தான் தகராறு.

என்னென்ன ஆவணங்களைக் கேட்க வேண்டும்?

முதலில் உரிமைச் சான்று. அதில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். கார் மீது கடன் நிலுவையோ அடமானமோ இல்லை என்பதை அந்த நாட்டின் அல்லது மாநிலத்தின் பதிவு அலுவலகம் வழியாகவே உறுதி செய்துகொள்ளுங்கள். உரிமையாளர் இறந்துவிட்டார், வாரிசு விற்கிறார் என்றால் நீதிமன்ற ஆணை அல்லது வாரிசுரிமை ஆவணம் கட்டாயம். வெறும் விற்பனை ரசீதை வைத்துக்கொண்டு, 'எங்கள் ஊரில் பழைய கார்களுக்கு இதுவே போதும்' என்பார்கள். சில இடங்களில் அது உண்மைதான். ஆனால் ஏற்றுமதிக்கு அது போதுமா, உங்கள் ஊர்ப் பதிவு அலுவலகம் ஏற்குமா என்பவை தனிக் கேள்விகள்.

பழைய பழுதுபார்ப்பு ரசீதுகளை ஒரு கட்டாகக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பல பழைய கார்களின் ஓடோமீட்டரில் ஐந்து இலக்கங்களே உண்டு. 99,999க்குப் பிறகு அது மீண்டும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். முப்பதாயிரம் என்று காட்டும் கார் உண்மையில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் ஓடியதா என்பதை ஆண்டுவாரியான ரசீதுகள்தான் காட்டிக்கொடுக்கும்.

பரிசோதகரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

விற்பவர் பரிந்துரைக்கும் ஆள் வேண்டாம். அவர் நேர்மையானவராகவே இருந்தாலும் வேண்டாம். அந்த மாடலுக்கென்று உரிமையாளர் சங்கம் இருந்தால் அங்கே கேளுங்கள். அதே மாடலை இருபது ஆண்டுகளாகக் கழற்றிப் பூட்டும் ஒரு மெக்கானிக், எல்லாக் கார்களையும் பார்க்கும் பெரிய நிறுவனத்தின் நீண்ட படிவத்தைவிடப் பயனுள்ளவர். எங்கே குனிய வேண்டும், எதைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குக் கைப்பழக்கத்திலேயே தெரியும்.

காரைத் தூக்கி அடியில் பார்க்கும் வசதி உள்ள பட்டறையில்தான் பரிசோதனை நடக்க வேண்டும். அறிக்கை வந்த பிறகு அவருடன் தொலைபேசியில் பேசுங்கள். 'இது உங்கள் பணமாக இருந்தால் வாங்குவீர்களா?' என்று கேளுங்கள். எழுத்தில் சொல்லத் தயங்கியதைப் பேச்சில் சொல்லிவிடுவார்கள்.

துருவை எங்கே தேட வேண்டும்?

இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். என்ஜின், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாவற்றையும் கழற்றிச் சரிசெய்துவிடலாம். உடல் உளுத்துப்போன காரைச் சரிசெய்யும் செலவு, பல நேரங்களில் நல்ல கார் ஒன்றின் விலையையே தாண்டிவிடும்.

கண்ணுக்குத் தெரியும் கொப்புளம் பெரும்பாலும் உள்ளிருந்து வந்தது. வெளியே நாணயம் அளவு தெரிந்தால் உள்ளே கையளவு போயிருக்கும். கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டித் தகடுகள், ஜாக்கி வைக்கும் இடங்கள், பின் ஸ்பிரிங் மாட்டும் கொக்கிகள், பேட்டரித் தட்டு, டிக்கியில் ஸ்டெப்னி படுக்கும் குழி, கதவுகளின் அடி விளிம்பு, முன்கண்ணாடியின் கீழ் மூலைகள் ஆகியவற்றை எந்தக் காரிலும் பார்க்க வேண்டும். இதற்கு மேல் ஒவ்வொரு மாடலுக்கும் தனியாக ஒரு பலவீனம் உண்டு. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் கதவுக்கடியில் வெப்பக் காற்றைக் கொண்டுபோகும் பெட்டித் தகடுகளே உடலுக்குப் பலமும் கொடுக்கின்றன. அவை போனால் உடலே தளரும். பழைய லேண்ட் ரோவரின் வெளித் தகடுகள் அலுமினியம் என்பதால் வெளியே எதுவும் தெரியாது. ஆனால் சேசிஸும் என்ஜினுக்கும் இருக்கைக்கும் நடுவில் நிற்கும் தடுப்புச் சுவரும் இரும்பு.

1960களின் மஸ்டாங்கில் முன்கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே போகும் துளை வரிசை ஒன்று இருக்கிறது. அதற்கடியில் உள்ள பெட்டி துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு குவளைத் தண்ணீர் போதும். ஒருவர் துளைகளில் மெதுவாக ஊற்ற, இன்னொருவர் டாஷ்போர்டுக்கு அடியில் விளக்குடன் படுத்துக்கொண்டு மேலே பார்க்க வேண்டும். தண்ணீர் வழிய வேண்டிய வடிகால் வழியாக வெளியே போனால் நல்லது. கால் வைக்கும் விரிப்பில் சொட்டினால், முன்பக்கத்தைப் பெரிதாகப் பிரிக்க வேண்டிய வேலை காத்திருக்கிறது. இந்தச் சோதனையை வீடியோவாக எடுத்து அனுப்பச் சொல்லலாம்.

பட்டி பூசி மறைத்திருக்கிறார்களா என்று அறிய, இரும்புத் தகடாக இருந்தால் மெல்லிய துணி சுற்றிய காந்தம் உதவும். பெயின்ட் கனம் அளக்கும் கருவி இன்னும் நல்லது. தொழிற்சாலைப் பெயின்ட் சுமார் 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். ஆயிரத்தைத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது என்று கொள்ளலாம். கோர்வெட் போன்ற ஃபைபர் உடல் கார்களில் காந்தமும் ஒட்டாது, சாதாரணக் கருவியும் வேலை செய்யாது. விற்பனைக்குச் சற்று முன்பு அடிப்பாகம் முழுவதும் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் அதைக் குறையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். எதையும் மறைக்க வேண்டியிராதவர் அடியைக் கழுவி மட்டும் காட்டுவார்.

என்ஜினை வீடியோவில் எப்படிச் சோதிப்பது?

என்ஜின் ஆறியிருக்கும்போது கிளப்ப வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்துவிட்டால் பல நோய்கள் தெரியாது. உங்கள் ஆள் போய்ச் சேர்ந்ததும் முதலில் என்ஜின் மீது கை வைத்துப் பார்க்கட்டும். வெதுவெதுப்பாக இருந்தால் வேறொரு நாள் வரச் சொல்வதே சரி. கிளப்பும் நொடியில் சைலன்சர் பக்கம் ஒரு கேமரா இருக்கட்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. நிற்காமல் வரும் வெள்ளைப் புகை என்றால் கூலன்ட் உள்ளே போகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், இது கார்புரேட்டரைத் திருகினாலே சரியாகக்கூடும். ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் பால் கலந்த காபி நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தால் தண்ணீரும் ஆயிலும் கலக்கின்றனவா என்று மேலும் சோதிக்க வேண்டும். சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று அளக்கும் கம்ப்ரெஷன் சோதனையில் சிலிண்டர்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் தனியாக இறங்கியிருந்தால் அதற்குக் காரணம் கேளுங்கள்.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணையும் படமெடுக்கச் சொல்லுங்கள். 2000ஆம் ஆண்டிலிருந்து முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 1409 என்றால் 2009ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். பட்டன்கள் புத்தம் புதிதாகத் தெரிந்தாலும் அந்த டயரில் ஓட்டக் கூடாது. அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

பணத்தை எப்படி அனுப்புவது பாதுகாப்பானது?

பரிசோதனை முடியும்வரை சிறிய முன்பணம் மட்டும். அதுவும், குறை தெரிந்தால் திரும்பக் கிடைக்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டு. மீதியை உரிமைச் சான்றில் உள்ள அதே பெயரில் இருக்கும் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். மைத்துனர் கணக்கு, நண்பர் கணக்கு, பரிசு அட்டை, கிரிப்டோ நாணயம் என்று பேச்சு வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எஸ்க்ரோ சேவை நல்ல ஏற்பாடுதான். மூன்றாம் தரப்பு பணத்தைப் பிடித்து வைத்து, காரும் காகிதமும் கைமாறிய பிறகு விடுவிக்கும். ஆனால் அந்தச் சேவையை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும், அதன் முகவரியை நீங்களே உலாவியில் தட்டச்சு செய்ய வேண்டும். விற்பவர் அனுப்பும் இணைப்பைச் சொடுக்கினால் அச்சு அசலான போலிப் பக்கத்துக்குப் போய்ச் சேரலாம். அந்த நாட்டில் உரிமம் பெற்ற நிறுவனமா என்று கட்டுப்பாட்டு அமைப்பின் பட்டியலிலும் பாருங்கள்.

இன்னோர் ஆபத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லாம் நேர்மையாக நடந்து, பணம் அனுப்பும் நாளில் 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று விற்பவரின் மின்னஞ்சலிலிருந்தே ஒரு கடிதம் வரும். அவருடைய மின்னஞ்சலுக்குள் வேறொருவர் புகுந்து, பேரத்தைத் தொடக்கம் முதல் படித்துக்கொண்டிருந்திருப்பார். விலை, தேதி, உங்கள் பெயர் எல்லாம் சரியாக இருக்கும். பணம் அனுப்பும் முன், முதல் நாளிலிருந்து உங்களிடம் இருக்கும் தொலைபேசி எண்ணில் அழைத்து, கணக்கு எண்ணை இலக்கம் இலக்கமாக வாய்விட்டுச் சரிபாருங்கள். அந்தக் கடிதத்தில் உள்ள எண்ணில் அழைக்காதீர்கள்.

எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் தேவையா?

தேவை. ஒரு பக்கம் போதும். சேசிஸ் எண், விலை, காருடன் வரும் உதிரி பாகங்கள், சாவிகளின் எண்ணிக்கை, உரிமை எந்த நொடியில் மாறுகிறது, லாரி வரும்வரை கார் யார் பொறுப்பில், யார் காப்பீட்டில் நிற்கிறது. கடைசி இரண்டையும் பலர் எழுதுவதில்லை. பணம் போய் இரண்டு வாரம் கழித்து லாரி வரும் என்றால், அந்த இரண்டு வாரத்தில் கொட்டகை எரிந்தால் யாருக்கு நட்டம்?

திறந்த லாரியா, மூடிய லாரியா?

தினமும் ஓட்டும் காராகப் பயன்படுத்தப்போகிறீர்கள், தூரமும் குறைவு என்றால் திறந்த லாரி போதும். புதுப்பித்த பெயின்ட், துணிக் கூரை, தாழ்ந்த முன்பக்கம் உள்ள கார்களுக்கு மூடிய லாரி வேண்டும். தாழ்ந்த கார்களுக்குச் சாய்தளம் ஒத்துவராது, படுக்கைவாக்கில் தூக்கும் லிப்ட் உள்ள வண்டியைக் கேளுங்கள்.

உங்களிடம் பேசுபவர் லாரி உரிமையாளரா, இடைத்தரகரா என்பதை முதல் அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள். தரகர் என்றால் உண்மையில் ஏற்றப்போவது யார், அவருடைய காப்பீடு எவ்வளவு, எதுவரை என்று அந்தக் காப்பீட்டு நிறுவனத்திடமே உறுதி செய்யுங்கள். மற்றவர்களைவிட மிகக் குறைவாகக் கேட்கும் தரகரின் வேலை பல நேரங்களில் எந்த லாரிக்காரரும் எடுக்காமல் வாரக்கணக்கில் கிடக்கும். பிறகு விலையை ஏற்றுவார். காரைச் சக்கரங்களின் மீது பட்டை போட்டுக் கட்டுவது நல்லது. பழைய கார்களின் பிரேக் குழாயும் ஸ்டீயரிங் தண்டும் அடியில் கொக்கி மாட்ட வசதியான இடத்திலேயே இருந்து தொலைக்கும்.

ஏற்றும் முன் காரை எப்படித் தயார் செய்ய வேண்டும்?

கழுவுங்கள். அழுக்குப் படிந்த காரில் கீறலைப் படமெடுக்க முடியாது. பெட்ரோல் கால் டாங்கிக்கும் குறைவாக, ஏரியல் கழற்றி, உள்ளே சொந்தப் பொருள் எதுவும் இல்லாமல் இருக்கட்டும். குளிர்ப் பிரதேசம் வழியாகப் போகும் என்றால் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருக்கக் கூடாது, உறைந்து என்ஜினில் விரிசல் விழும்.

விற்பவரைக் கொண்டு ஓர் அட்டையில் எழுதி ஸ்டீயரிங்கில் தொங்கவிடச் செய்யுங்கள்: ஆறிய என்ஜினைக் கிளப்ப உதவும் சோக்கை எவ்வளவு இழுக்க வேண்டும், ரிவர்ஸ் கியர் எங்கே, பேட்டரி சுவிட்ச் எங்கே ஒளிந்திருக்கிறது, ஹேண்ட் பிரேக் பிடிக்குமா. வழியில் இந்தக் காரைப் பலர் கிளப்புவார்கள். அவர்களில் பெரும்பாலோர் சோக் உள்ள காரைத் தொட்டே இருக்க மாட்டார்கள். பெட்ரோலை மிதித்து மிதித்து என்ஜினை நனைத்துவிட்டு, பேட்டரியையும் தீர்த்துவிடுவார்கள்.

கப்பலில் ரோ-ரோவா, கண்டெய்னரா?

ரோ-ரோ என்பது காரை ஓட்டியே கப்பலுக்குள் ஏற்றி, ஓட்டியே இறக்கும் முறை. செலவு குறைவு. கார் தானாகக் கிளம்பி, திரும்பி, நிற்க வேண்டும். சாவி பலர் கையில் போகும், உள்ளே உதிரி பாகங்கள் வைக்க அனுமதி பெரும்பாலும் கிடைக்காது.

பழைய காருக்குக் கண்டெய்னரே என் தேர்வு. பூட்டி முத்திரை வைத்த பிறகு இறங்கும்வரை யாரும் தொடுவதில்லை. உதிரி பாகங்களையும், பட்டியலில் காட்டி, கூடவே அனுப்பலாம். ஆனால் ஏற்றுபவரின் திறமைதான் எல்லாம். 20 அடிக் கண்டெய்னரின் உட்புறம் சுமார் 5.9 மீட்டர் நீளம், 2.35 மீட்டர் அகலம். 1.75 மீட்டர் அகலமுள்ள காரை உள்ளே நிறுத்தினால் ஒவ்வொரு பக்கமும் 30 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். ஓட்டுநர் கதவைத் திறந்து இறங்க முடியாது. கண்ணாடியை இறக்கி ஜன்னல் வழியாக வெளியேற வேண்டும், அல்லது காரைக் கையால் தள்ளி ஏற்ற வேண்டும். அவசரக்காரர் கதவைத் தள்ளினால் அதன் ஓரம் நெளிந்த இரும்புச் சுவரில் உரசும். எனவே ஏற்றிய பிறகு கதவு ஓரங்கள் இரண்டையும் படமெடுக்கச் சொல்லுங்கள்.

சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்கும் மரக்கட்டைகளில் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இருக்க வேண்டும். பூச்சி ஒழிப்புக்காகப் பதப்படுத்திய மரம் என்பதற்கான சர்வதேச அடையாளம் அது. இல்லாவிட்டால் இறங்கும் துறைமுகத்தில் கண்டெய்னரே நின்றுபோகலாம். வெப்பம் மாறும் கடல்வழிகளில் கண்டெய்னரின் கூரையில் ஈரம் கோத்துச் சொட்டும். ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டு இறுக்கி மூட வேண்டாம், ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

கப்பல் நிறுவனம் பொறுப்பேற்கும்போது தனிக் காப்பீடு எதற்கு?

ஏனென்றால் அந்தப் பொறுப்புக்குச் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. கடல்வழிச் சரக்குக்குக் கப்பல் நிறுவனத்தின் பொறுப்பை வரையறுக்கும், பல நாடுகள் பின்பற்றும் ஹேக்-விஸ்பி விதிகளில் ஒரு பொதிக்கு 666.67 எஸ்.டி.ஆர்., அல்லது கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., இதில் எது அதிகமோ அது. எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. 1,200 கிலோ எடையுள்ள காருக்கு 2,400 எஸ்.டி.ஆர். வரும். அமெரிக்காவின் 1936ஆம் ஆண்டுக் கடல்வழிச் சரக்குச் சட்டத்தில் ஒரு பொதிக்கு 500 டாலர்தான். பல கிளாசிக் கார்களின் மதிப்பில் இது ஒரு துளி.

எனவே காரின் மதிப்பை முன்கூட்டியே பேசி முடிவு செய்யும் 'ஒப்புக்கொண்ட மதிப்பு' என்ற அடிப்படையில் கடல்சரக்குக் காப்பீடு எடுங்கள். இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாஸஸ் என்ற நிபந்தனைத் தொகுப்பில் ஏ, பி, சி என மூன்று வகை உண்டு. ஏ வகையே அதிகம் காக்கும். முழு நட்டத்துக்கு மட்டும் பணம் தரும் மலிவான பாலிசியில் கீறல், நசுங்கல், திருட்டுப்போன ரேடியோ எதுவும் வராது.

'பொதுச் சேதப் பகிர்வு' என்று ஒரு பழைய கடல் வழக்கமும் இருக்கிறது. கப்பலையும் சரக்கையும் காப்பாற்றச் செய்த செலவைக் கப்பல் உரிமையாளரும் சரக்கு உரிமையாளர்கள் எல்லோரும் மதிப்பின்படி பகிர்ந்துகொள்ள வேண்டும். உங்கள் காரில் ஒரு கீறல்கூட விழாமல் இருந்தாலும் ஈட்டுப் பத்திரம் கொடுத்தால்தான் வெளியே விடுவார்கள். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் ஆறு நாள் சிக்கியபோது இதைத்தான் அறிவித்தார்கள். அந்தக் கப்பல் ஜூலை வரை எகிப்தை விட்டு வெளியேற முடியவில்லை. காப்பீடு இருந்தவர்களுக்கு அந்த உத்தரவாதத்தைக் காப்பீட்டு நிறுவனமே கொடுக்கும். 2022இல் ஃபெலிசிட்டி ஏஸ் என்ற கார் கப்பல் அட்லாண்டிக்கில் தீப்பிடித்து, சுமார் 4,000 கார்களுடன் மூழ்கியது. அரிதாக நடப்பதுதான், ஆனால் நடக்கிறது.

இறக்குமதி விதிகளை எப்போது பார்க்க வேண்டும்?

விலை பேசுவதற்கு முன்பு. அமெரிக்காவில் 25 ஆண்டு நிறைந்த கார் பாதுகாப்புத் தர விதிகளிலிருந்து விலக்குப் பெறும். கணக்கு உற்பத்தி மாதத்திலிருந்து தொடங்குகிறது, ஒரு மாதம் முந்தி வந்தாலும் சிக்கல். கனடாவில் 15 ஆண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 30 ஆண்டு கடந்த, உற்பத்தி நின்றுபோன மாடல், சேசிஸ், ஸ்டீயரிங், பிரேக், என்ஜின் ஆகியவை பெரிதாக மாறாமல் அசல் நிலையில் இருந்தால் சுங்க அட்டவணையின் 9705ஆம் தலைப்பில் சேகரிப்புப் பொருளாக வரக்கூடும். அப்போது வரி வெகுவாகக் குறையும். ஆசையாக மாற்றிய நவீன என்ஜின் அந்தச் சலுகையைக் கெடுத்துவிடலாம்.

ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புகிறவர்கள் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) பற்றி யோசிக்க வேண்டும். 2003 டிசம்பர் 31 முதல் அங்கே அதற்கு முழுத் தடை. பழைய பிரேக் லைனிங், கிளட்ச் தட்டு, கேஸ்கெட் ஆகியவற்றில் கல்நார் இருப்பது சகஜம், எனவே அவற்றை ஏற்றும் முன்பே மாற்றிச் சான்று வைத்திருக்க வேண்டும். அனுமதிக் கடிதம் கையில் வரும் முன் காரைக் கப்பலேற்றவும் கூடாது. செப்டம்பர் முதல் ஏப்ரல் இறுதிவரை குறிப்பிட்ட நாடுகளிலிருந்து கிளம்பும் வாகனங்களுக்கு நாற்றப்பூச்சி ஒழிப்புச் சிகிச்சையும் உண்டு. சக்கர வளைவில் ஒட்டிய மண்கூட அங்கே தடையாகும். உங்கள் நாட்டு விதியை உள்ளூர்ச் சுங்க முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விற்பவருக்கு அது தெரிய வேண்டிய அவசியமில்லை.

துறைமுகத்தில் திடீர்க் கட்டணங்கள் ஏன் வருகின்றன?

பெரும்பாலும் காகிதம் தாமதமாவதால். கண்டெய்னர் இறங்கிய பிறகு சில நாட்களே இலவசம், பிறகு ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும். சரக்கு ஏற்றுச் சீட்டின் மூலப் பிரதி கையில் இல்லாமல் சரக்கை விடமாட்டார்கள். அது சரக்கின் உரிமை ஆவணம். கப்பல் கிளம்பியவுடன் அதைக் கூரியரில் அனுப்பச் சொல்லுங்கள், அல்லது மூலப் பிரதி இல்லாமலே விடுவிக்கும் மின்வழி ஏற்பாட்டை முன்கூட்டியே பேசுங்கள்.

கார் வந்து இறங்கும்போது என்ன செய்ய வேண்டும்?

பகல் வெளிச்சத்தில் இறக்கச் சொல்லுங்கள். ஏற்றும்போது எடுத்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, அதே கோணங்களில் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். லாரிக்காரர் அவசரப்படுவார், மழை பெய்யும், எல்லோரும் களைத்திருப்பார்கள். இருந்தாலும் சுற்றிப் பார்த்து முடிக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். சேதம் இருந்தால் அந்தப் படிவத்திலேயே, எந்த இடத்தில், எவ்வளவு நீளம் என்று எழுதி அதன் கீழ் கையெழுத்திடுங்கள்.

பிறகு தெரியவரும் சேதத்துக்கும் காலக்கெடு குறைவு. ஹேக்-விஸ்பி விதிகளில் வெளியே தெரியாத சேதத்தை மூன்று நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், வழக்குத் தொடர ஓராண்டு. காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே சொல்லுங்கள். அவர்களின் ஆய்வாளர் வரும்வரை எதையும் பழுதுபார்க்க வேண்டாம்.

வந்தவுடன் ஓட்டலாமா?

ஆசையாகத்தான் இருக்கும். கொஞ்சம் பொறுங்கள். பல வாரம் அசையாமல் நின்ற பழைய காரில் முதலில் பிரேக் திரவம் கசிகிறதா என்று நான்கு சக்கரத்தின் உட்புறமும் பாருங்கள். பெட்ரோல் ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரை உதிரச் செய்கிறது. வெடிப்புத் தெரிந்தால் என்ஜினைக் கிளப்பும் முன்பே மாற்றிவிடுங்கள், சூடான சைலன்சர் குழாய்க்கு மேலேதான் பெட்ரோல் சொட்டும். ஆயில், கூலன்ட், பிரேக் திரவம் மூன்றையும் மாற்றி, சக்கர நட்டுகளை இறுக்கி, தீயணைப்பான் ஒன்றை இருக்கைக்கடியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றி, மெதுவாக, ஒவ்வொரு திருப்பத்திலும் பிரேக்கை மிதித்துப் பார்த்தபடி. திரும்பி வந்ததும் காருக்கு அடியில் ஓர் அட்டையை விரித்துவிட்டு இரவு முழுவதும் நிறுத்துங்கள். காலையில் அட்டையில் எங்கே, என்ன நிறத்தில் கறை இருக்கிறது என்று பார்த்தால் அடுத்த வேலை எதுவென்று தெரிந்துவிடும்.